மண் அடங்கும்வரை

நாற்காலிகள் ஆடக் கூடாது என்பதற்காக நாத்தனார் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மாலைத் தூறலில் முன்வாசல் பள்ளத்தில் தண்ணீர் நின்றிருந்தது. வாடகைக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அதில் போட்டால், உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, துக்கம் கேட்க வந்த மாதிரி இல்லாமல் படகில் ஏறிய மாதிரி இருந்தார்கள். தம்பி செத்த அன்றுகூடக் கோணலாக எதையும் பார்க்கச் சகியாதவர் நாத்தனார். பக்க அறைக்குள் போனார். அங்கே அலுமினியத் தட்டுகளில், கட்டி உடைத்து, சலித்து, நிழலில் உலர்த்திய நல்ல மண் வரிசையாக இருந்தது. இதைவிடப் பொருத்தமாக வேறு எது கிடைக்கும்? தட்டுத் தட்டாகத் தூக்கிவந்து கவிழ்த்தார். காலால் மிதித்தார். மேலே நாற்காலியைப் போட்டு, தானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்.

கூடத்தில் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி ஜன்னல் வழியாக இதைக் கவனித்தபோது கடைசித் தட்டும் கவிழ்ந்துவிட்டது.

"அக்கா," என்றாள். "அது ஊரார் மண்ணு."

"மண்ணுல என்ன ஊரார் மண்ணு, நம்ம மண்ணு?" என்றார் நாத்தனார், கையைத் தட்டிக்கொண்டே. "நாற்காலி நிக்குதா இல்லையா, அதைப் பாரு."

நாற்காலி நின்றது.

செத்தவரை எங்கள் தெருவில் மண்ணு டாக்டர் என்போம். விதைப்பதற்கும் நடுவதற்கும் முன்னால் மண்ணைச் சோதித்து, இது புளிப்பு மண், இது களர், இதற்கு எரு போதும், இதை ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டாலே போதும் என்று சொல்வது அவர் தொழில். விவசாயிகள் பையில் மண்ணோடு வருவார்கள். புல்தரை வளர்க்கும் பெரிய வீடுகளிலிருந்து கார் வரும். ஒருமுறை போர்டை அரைகுறையாகப் படித்த ஒருவர் பல்வலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அவரையும் சும்மா அனுப்பவில்லை. நிலம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து, மண் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அப்படிப்பட்டவர் தன் வீட்டு முன்வாசலில் ஒரு செடி வைக்கவில்லை. வருஷா வருஷம் சோதிப்பார். "இன்னும் சரியாகல," என்பார். அவர் டாக்டர் என்பதால் அவர் மனைவி எங்களுக்கு டாக்டரம்மா. கல்யாணமான புதிதில் டாக்டரம்மா வாங்கிவந்த ரோஜாக் கன்று தொட்டியிலேயே பூத்து, தொட்டியிலேயே பட்டுப்போனதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இப்போது அந்த முன்வாசலில் பல பேருடைய வயல் ஒன்றாகக் கலந்து கிடந்தது. அதன்மேல் நாற்காலிக் கால்கள்.

"கேட்டுல கையை வைக்காதீங்க, சில இடத்துல இன்னும் ஒட்டும்," என்று மாப்பிள்ளை வாசலில் நின்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் மாமனார் வீட்டுக்கு வந்தவர், சும்மா உட்காரப் பிடிக்காமல், பழைய மஞ்சள் கேட்டைச் சுரண்டாமல்கூட அதன்மேலேயே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார். வெறும் பச்சை இல்லை. நீலம் கலந்த மயில்கழுத்துப் பச்சை. தெருவில் அதைப் பற்றி ஒருமித்த கருத்து கிடையாது. துக்க வீட்டிலும் யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அவர் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது.

"நீங்களா அடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

"ஆமாங்க. ரெண்டு கோட்டு," என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்போதுதான் மிளகாய்க்காரம்மா வந்தார். குத்தகை நிலத்தில் மிளகாய் போடுகிறவர். மெதுவாகப் பேசினால் பயிருக்குக் கேட்காது என்று நினைக்கிறவர் மாதிரி எப்போதும் உரக்கத்தான் பேசுவார். சேறு அப்பிய செருப்பை வாசற்படியில் கழற்றிவிட்டு, உடலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானம்தான் போன்ல பேசினார்மா. கணீர்னு பேசினார். 'உங்க மண்ணு புளிப்பு, சுண்ணாம்பு போடாம நாத்தை வைக்காதீங்க'ன்னார். அவர் கடைசியா பார்த்த மண்ணு என் மண்ணுதாம்மா."

டாக்டரம்மா தலையை ஆட்டினாள்.

"சுண்ணாம்பு வந்தாச்சு. வண்டி வயல்ல நிக்குது. மழை திரும்ப வர்றதுக்குள்ள இன்னைக்கே தூவி உழுதுடுறேன். சாவுக்குப் போயிட்டு வந்து வேலை பார்க்கணுமான்னு ஆளுங்க கேட்டாங்க. அவர் சொன்னதை அன்னைக்கே செய்யறதுதான் அவருக்கு நாம காட்டுற மரியாதைன்னு சொல்லிட்டேன்."

கேட் கிறீச்சிட்டது. யாரோ உள்ளே வந்தார்கள். டாக்டரம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். கேட் திறந்து, வெயிலில் ஒருமுறை பளபளத்து, மூடிக்கொண்டது.

"என்னம்மா, கை இப்படிச் சில்லுனு போகுது?" என்றார் மிளகாய்க்காரம்மா. "யாராவது இவங்களுக்குச் சூடா ஏதாவது குடுங்க."

விஷயம் இதுதான். மண்ணு டாக்டருக்குக் கண் மங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. புரை விழுந்து, எதைப் பார்த்தாலும் பழுப்பேறிய திரைக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தது. எந்த வீட்டுக் குக்கர் எப்போது விசில் அடிக்கும் என்று அறிந்த எங்கள் தெருவுக்கே இது தெரியாமல் போனது எங்களுக்குக் கொஞ்சம் அவமானம்தான். நடுவதற்கு முன் சோதித்துப் பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் கண்ணைச் சோதிக்க மட்டும் போகவில்லை. விதைப்பு முடியட்டும் என்பார். அது முடிந்தால் அறுவடை முடியட்டும் என்பார்.

ஆனால் அவர் தொழிலே நிறம் பார்ப்பதுதான். மண்ணைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மருந்தைச் சொட்டுவிட்டு, குலுக்கி வைத்தால் மண் அடியில் அடங்கி, மேலே நிறம் தெளியும். மஞ்சள் வந்தால் புளிப்பு, சுண்ணாம்பு வேண்டும். பச்சை வந்தால் நல்லது. பச்சையைத் தாண்டி நீலத்தை எட்டிப் பார்த்தால் களர், காரம் ஏறிய மண். அதன் தலையில் சுண்ணாம்பையும் கொட்டினால் நாற்று வெந்துபோகும். மாப்பிள்ளை வாங்கிக்கொடுத்த மீட்டர் ஒன்று, பேட்டரி கசிந்து, பெட்டியிலேயே செத்துக் கிடந்தது.

ஒரு நாள் அவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, விளையாட்டுப் போல, "இது உனக்கு எது மாதிரி தெரியுது?" என்று மனைவியைக் கேட்டார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், "முட்டைக்கரு மாதிரி," என்றாள்.

"சரி," என்றார் அவர்.

அன்றிலிருந்து அப்படித்தான். எலுமிச்சம்பழம். கிளி. மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரே, சாயம் போன பிறகு. அவர் கேட்பார், அவள் சொல்வாள், அவர் "சரி" என்பார். அச்சடித்த நிற அட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் விரலை வைத்து, இந்தக் கட்டம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவள் பார்க்கிறாள், அவர் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். முட்டைக்கரு என்றால் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த மாதிரி.

யாருடைய மண் என்பதை மட்டும் அவர் சொல்லவே மாட்டார். "ஆள் தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்," என்பார்.

நேற்று மத்தியானம் இரண்டு குழாய்கள். ஒன்று முட்டைக்கரு. அதில் சந்தேகமில்லை. மற்றதை வெளிச்சத்தில் பிடித்தபோது அதற்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, கேட் தெரிந்தது. குழாயும் கேட்டும் ஒரே துணியில் வெட்டிய மாதிரி இருந்தன. "நம்ம கேட்டு கலர்தாங்க, அச்சு அசலா," என்றாள். "சரி," என்றார். அடுப்பில் பால் பொங்கியது. அவள் ஓடினாள். அவர் போனைக் கையிலெடுத்ததை அவள் பார்க்கவில்லை. அடுப்பைத் துடைத்து, மற்ற வேலைகளை முடித்து, சாயங்காலம் மிச்சப் பாலை ஆற்றி டம்ளரோடு வந்தபோது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் மாஸ்க், விடியல்.

கேட்டுக்குப் பெயின்ட் அடித்தது அவருக்குத் தெரியும், வாசனை வந்ததே. நிறம் மாறியதுதான் தெரியாது. "எப்படி இருக்கு மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டபோது, கேட் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "பழையபடி பளிச்சுனு ஆயிடுச்சு மாப்பிள்ளை," என்றார். பழையபடியா என்று மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. அந்த இடத்திலேயே டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரை மாப்பிள்ளை முன்னால் காட்டிக்கொடுக்க மனசு வராமல், "சாப்பிட வாங்க," என்று சொல்லிவிட்டாள். அப்புறம் தனியாக இருக்கும்போதும் சொல்லவில்லை.

ஆக, அவர் மனசில் கேட் மஞ்சள். முட்டைக்கருவும் மஞ்சள். இரண்டு மண்ணுக்கும் சுண்ணாம்பு என்று சொல்லியிருப்பார். ஒன்று சரி, ஒன்று தப்பு. ஒன்று பள்ளிக்கூட மைதானத்தில் புல் பதிக்க வந்த மண் என்று வாசலில் கேட்ட பேச்சிலிருந்து அவளுக்குத் தெரியும். அது விடுமுறைக்குத்தான், அவசரமில்லை. இன்னொன்று மிளகாய். எது எது?

மிளகாய் மண் கேட் நிறம் என்றால், இந்த அம்மாள் இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய், அவர் மேல் வைத்த மரியாதையால், தன் நிலத்தைத் தானே அழித்துக்கொள்வார். முட்டைக்கரு என்றால், போடாதே என்று தடுப்பதுதான் கேடு. நாற்று மஞ்சளடித்து நிற்கும். சந்தேகமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம். ஏன் சந்தேகம் என்று கேட்பார்களே. வெளியே நாற்காலிகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வருஷத்தில் அவர் சொல்லை நம்பி விதைத்தவர்கள். அவருக்குக் கண் தெரியவில்லை, பொண்டாட்டிதான் முட்டை, கிளி என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தால், அவர் உடம்பு இந்தக் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் அவர் பெயர் தாண்டிவிடும்.

எழுந்து எட்டிப் பார்த்தாள். பக்க அறையில் குழாய்களெல்லாம் கழுவித் துடைத்துக் கவிழ்க்கப்பட்டு மின்னின. நாத்தனார் கைவேலை. மண்ணோ வாசலில், நாற்காலிக்கு அடியில்.

"நான் கிளம்பறேன்மா. வண்டிக்காரன் காத்துட்டு இருப்பான்," என்றார் மிளகாய்க்காரம்மா.

"இருங்க," என்றாள் டாக்டரம்மா. குரல் கொஞ்சம் பலமாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க. அவரை எடுக்கறவரைக்குமாவது."

"இருக்கேன்மா, இருக்கேன்."

டாக்டரம்மாவின் கண் வாசற்படிக்குப் போனது. கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே, கரும்பழுப்புச் சேறு காய்ந்து பாளமாக ஒட்டிய ஒரு ஜோடி, தனியாகத் தெரிந்தது.

"நேரா வயல்லேர்ந்தா வர்றீங்க?"

"நேராத்தாம்மா. காலைக்கூட கழுவல, மனசு கேக்கல."

"சுண்ணாம்பு மூட்டையைப் பிரிச்சாச்சா?"

மகளும் மற்றப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிளகாய்க்காரம்மாவும் ஒரு கணம் தயங்கித்தான் பதில் சொன்னார். "இன்னும் இல்லம்மா. வண்டியிலயே கட்டோட இருக்கு."

"கீழே சிந்தலையே?"

"சிந்தல."

"பாவம், அதிர்ச்சியில என்னென்னமோ பேசுது," என்று சுவரோரம் இருந்த ஒருத்தி கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் தெருமுனை வரை கேட்கும்.

டாக்டரம்மா, தலை சுற்றுகிறவள் மாதிரி, போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். எழுந்தபோது புடவைத் தலைப்புக்குள் ஒரு செருப்பு இருந்தது. இதைப் பார்த்தவர்கள் உண்டு. பார்த்தவர்கள் தங்கள் கண்ணை நம்பவில்லை. அவள் பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

செருப்பை மேஜைமேல் கவிழ்த்தாள். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கு மனப்பாடம். வரப்போரத்தில் எடுக்காதே, மரத்தடியில் எடுக்காதே, எருக்குவியல் பக்கம் போகாதே. வயல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பல இடத்தில் ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டி, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளி, மிஞ்சியதை மறுபடி பரப்பி. அப்படியெல்லாம் வயலுக்குக் கும்பிடு போட்டு எடுத்த மண்ணைத்தான் அவர் மண் என்பார். செருப்பு மண்ணை எடுத்துக்கொண்டு போனால் ஆளையும் சேர்த்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்.

"இன்னைக்கு ஒரு நாள்," என்று முணுமுணுத்தாள்.

மேல் சேற்றைச் சுரண்டித் தள்ளினாள்; அது தெரு, அது முன்வாசல், அதில் ஊரே இருக்கும். குதிகாலின் பள்ளத்தில் இறுகியிருந்த கட்டியைக் கரண்டி முனையால் நெம்பி எடுத்தாள். அதை உடைத்து, உட்புறத்தை மட்டும் எடுத்து நசுக்கிக் குழாயில் போட்டாள். காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினாள். மருந்தைச் சொட்டுவிட்டாள்; ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. குலுக்கினாள். ஜன்னலோரத் தாங்கியில் நிறுத்தினாள்.

குழாய் முழுக்க ஒரே கலங்கல்.

இதில் அவசரம் செல்லாது. "மண்ணு அடங்கணும். அதுவரைக்கும் நாம அடங்கி இருக்கணும்," என்பார் அவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. அந்த நாற்காலி காலியாக இருந்தது. டாக்டரம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "உள்ளே என்ன பண்றே?" நாத்தனார்.

"இதோ வந்துட்டேன் அக்கா."

"ஆளுங்க கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

"தலைவலின்னு சொல்லுங்க."

"தலைவலிக்கு அங்கே என்ன இருக்கு?"

 குழாயின் கழுத்துப் பக்கம் ஒரு நூலளவு தெளிந்த மாதிரி இருந்தது. மஞ்சளா? பழுப்பா? குனிந்தாள். மூச்சு கண்ணாடியில் படிந்து மறைத்தது. துடைத்தாள். வெளியே, "மாமாவை எடுத்துட்டுப் போற வண்டி தெருமுனைக்கு வந்திடுச்சு," என்ற மாப்பிள்ளையின் குரல். நாற்காலிகள் நகர்ந்தன. அதற்கு மேலாக மிளகாய்க்காரம்மாவின் குரல்.

"என் ஒத்தைச் செருப்பைக் காணோமே."

"நல்லா பாருங்க, மாறிப் போயிருக்கும்."

"ஒத்தைச் செருப்பு எப்படி மாறும்? நான் வேற அவசரமாப் போகணும்."

"நாய் இழுத்துட்டுப் போயிருக்கும்."

"இந்தத் தெரு நாய்க்கு என் செருப்புதான் கிடைச்சுதா?"

நூலளவு விரலளவானது. மண் மெல்ல மெல்லக் கீழே இறங்கி உட்கார்ந்தது. டாக்டரம்மா குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கேட்.

"கேட்டு," என்றாள், பழக்கத்தில், வாய்விட்டு.

சரி என்று சொல்ல ஆளில்லை.

கதவைத் திறந்தாள். கூடத்தில் பாதிப் பேர் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கையில் செருப்போடு நடந்து வந்து, அதை மிளகாய்க்காரம்மாவின் காலடியில் வைத்தாள். அடிப்பக்கம் சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் அது அபூர்வம்.

"சுண்ணாம்பு தூவாதீங்க," என்றாள்.

"ஏம்மா? ஐயாதானே சொன்னார்?"

டாக்டரம்மா கணவரின் முகத்தைப் பார்த்தாள். "ஐயாதான் சொல்லச் சொன்னார். ஆஸ்பத்திரியில, விடியறதுக்கு முந்தி. உங்க மண்ணு புளிப்பு இல்லையாம். குழாய் மாறிப்போச்சாம். சுண்ணாம்பு போட்டா நாத்து வெந்துடும், போட வேண்டாம்னு சொல்லிடுன்னார். எனக்கு இருந்த இருப்புல மறந்துபோச்சு."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலின் அந்தப் பக்கம் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார், ராத்திரி முழுக்க. மாஸ்க் முகத்தைவிட்டு நகரவில்லை. அவர் கண்ணைத் திறக்கவுமில்லை. டாக்டரம்மா நாத்தனார் இருந்த பக்கம் திரும்பாமல் நின்றாள். நாத்தனார் தம்பி மனைவியைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். திறந்திருந்த பக்க அறைக் கதவு வழியாக ஜன்னலோரக் குழாயைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "நானும் இருந்தேனே. மாஸ்க்கைத் தள்ளிட்டுச் சொன்னான். அந்த நர்ஸ் பொண்ணுகூடத் திட்டுச்சு, பேசாதீங்கன்னு."

எதையும் ஆடாமல் நிறுத்திவைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான்.

மிளகாய்க்காரம்மா உடைந்துபோனார். "போற நேரத்துலயும் என் பயிரை நினைச்சாரா," என்று உரக்க அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்ப நாத்தை என்னம்மா செய்யறது?" என்றார்.

"நிழல்ல வச்சுத் தண்ணி தெளிங்க, தாங்கும். வயல்ல திரும்ப மண்ணு எடுங்க. ஓரத்துல வேண்டாம், மரத்தடியில வேண்டாம். பல இடத்துல எடுத்துக் கலந்து கொண்டு வாங்க."

"எங்கே கொண்டு வர?"

"இங்கதான்."

யார் பார்ப்பார்கள் என்று மிளகாய்க்காரம்மா கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, வண்டிக்காரனிடம் மூட்டையைத் தொடாதே என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

வெளியே நாற்காலிகளில் விஷயம் பரவ நேரமாகவில்லை. மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாராம் என்று கடைசி நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது. மனுஷன் தொழில் சுத்தம் என்றார்கள். பின்னால் எல்லாம் தெரிந்தும் எங்கள் தெரு இன்றுவரை அப்படித்தான் சொல்கிறது. கூடவே இன்னொன்றும் சொன்னோம். "பாருங்களேன், கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை இல்ல. கடைசி மூச்சு சுண்ணாம்புக்குப் போயிருக்கு."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. டாக்டரம்மா கணவர்மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்கும் கேட்காதபடி, "அவனுக்குக் கண்ணு போயிருந்துச்சுல்ல?" என்றார்.

டாக்டரம்மா துணியின் ஓரத்தை மறுபடி நேராக்கினாள்.

"போன தடவை நான் வந்தப்ப, 'வாங்க மாமா'ன்னான். என் வீட்டுக்காரர்னு நினைச்சுட்டான். அவ்வளவு குண்டாவா ஆயிட்டேன்னு அன்னைக்கு ராத்திரி சாப்பிடாமப் படுத்தேன்." கொஞ்ச நேரம் தம்பியின் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு, "அந்தத் தட்டுல இருந்ததெல்லாம்?"

"சோதிக்க வந்த மண்ணு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே அக்கா."

வண்டி கேட்டுக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. தூக்குவதற்கு ஆட்கள் கூடினார்கள். எல்லோரும் கொஞ்சம் விலகி வழிவிட்டபோது டாக்டரம்மா குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எங்களுக்குள் பல ஊகங்கள் ஓடின. மன்னிப்புக் கேட்டாள் என்றார்கள். மகளைப் பற்றி என்றார்கள். கால்மாட்டில் நின்ற மாப்பிள்ளைக்குத்தான் கேட்டது. அவர் ரகசியம் என்று சொல்லித்தான் எங்களிடம் சொன்னார்.

"'கேட்டு பச்சைங்க'ன்னாங்க. அவ்வளவுதான். அந்த நேரத்துலயும் அத்தைக்கு என் கேட்டுதான் மனசுல நின்னிருக்கு பாருங்க."

வண்டி வெளியே போகும்போது டிரைவர் கொஞ்சம் ஒடித்துத் திருப்பிவிட்டார். வண்டியின் பக்கவாட்டு கேட்டில் உரசியது. அடுத்த வண்டிக்காக வீட்டார் வாசலில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை தாங்க முடியாமல் கேட்டருகே போனார். பச்சை நீளமாகக் கிழிந்து, அடியில் பழைய மஞ்சள் ஒரு கோடாகத் தெரிந்தது.

"மிச்சப் பெயின்ட் இருக்கு அத்தை. நாளைக்கே அடிச்சிடுறேன்."

"இருக்கட்டும் மாப்பிள்ளை."

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. பின்னால் நாத்தனார் மிதிபட்ட மண்ணிலிருந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரம் வைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கேட்டின் மஞ்சள் கோட்டில் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுத்தாள். நகத்தில் ஒரு துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.